உள்ளரங்கு மூடப்பட்டிருந்த காலம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நமது நகரத்தின் உள்ளரங்கு மறுபடியும் புதுப்பிக்கப்படுவதாகவும், திறப்பு விழாவின்போது அதன் வரலாற்றை ஒரு மலராக வெளியிட இருப்பதாகவும் அறிவித்தல் பலகையில் வாசித்தேன். பக்கத்திலேயே மலரின் மாதிரிப் பக்கம் ஒன்றும் ஒட்டப்பட்டிருந்தது. தொண்ணூறுகளில் நடந்த முதலாவது திருத்த வேலையைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த மாதங்களில் அரங்கு மூடப்பட்டிருந்தது என்பதே அந்த வரி. அது பொய்யல்ல. அரங்கு மூடப்பட்டுத்தான் இருந்தது. நாங்கள் உள்ளே இருந்தோம்.

என்னோடு அங்கே பாய் விரித்துக் கிடந்து, இப்போது தலை நரைத்து நிற்கின்ற என் வயதுக்காரர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் நாற்பதைக் கடந்தாலே முதுமை வந்துவிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவள் அல்லள். என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். நடந்ததில் பிழை இராது.

அந்தக் கட்டடம் முதலில் விளையாட்டுக்காகக் கட்டப்பட்டதன்று. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஆற்றோரமாக, புகையூட்டிய ரப்பர் ஷீட்டுகளை அடுக்கிவைக்கும் ஸ்டோராக அது இருந்தது. பின்னாளில் நகரசபை அதை எடுத்து, ஒரு பக்கத்தில் பார்வையாளர் உட்காரப் படிப்படியாகக் கலரி கட்டி, நடுவே மூன்று பூப்பந்தாட்டத் தளங்களுக்குக் கோடு போட்டு, உள்ளரங்கு என்று பெயர் வைத்தது. மழை பலமாகப் பெய்தால் பழைய பலகைகளுக்குள்ளிருந்து புகையூட்டிய ரப்பரின் வாடை எழும்பிவரும். என் அப்பா முதல் தடவை உள்ளே காலெடுத்து வைத்தபோது மூக்கை உறிஞ்சிவிட்டு, "நம்ம ஸ்டோருக்கே வந்துட்டோம் போல" என்று சொன்னார். அந்த நாளில் அவரைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் அங்கே போனது மண்சரிவினால். விடாமல் பெய்த மழையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருந்த மேடு இறங்கி, அடுப்பங்கரைகள் வரைக்கும் சேறு நிறைந்துவிட்டது. பகல் நேரமாக இருந்தபடியால் உயிர்ச்சேதம் இல்லை. உயிர்ச்சேதம் இல்லாதபடியால் எங்களைப் பற்றிப் பத்திரிகையிலும் வரவில்லை. பதினெட்டுக் குடும்பங்களைத் தோட்டத்து லொறியில் ஏற்றி உள்ளரங்கில் இறக்கிவிட்டு, இரண்டு வாரத்துக்குப் பொறுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது நினைத்தால் எனக்கு வியப்பாக இருப்பது ஒன்றுண்டு. அவ்வளவு பெரிய கூடம் எங்களுக்கென்று விடப்பட்டிருந்தது. வட்டமாக இருந்திருக்கலாம், மூலைக்கொன்றாக இருந்திருக்கலாம். பெரியவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒருவரும் யாருக்கும் கட்டளையிடாமலே, பூப்பந்தாட்டக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது குடும்பம் இந்தப் பக்கமும் ஒன்பது குடும்பம் அந்தப் பக்கமுமாக, முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் சேலைகளைக் கட்டி, குடும்பத்துக்கொரு அறையாகக் காம்பராக்களைப் பிரித்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் நாங்கள் விட்டுவந்த லயம் அப்படியே அங்கே நின்றது. பழைய பக்கத்து வீட்டார் பக்கத்து வீட்டாராகவே இருந்தார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் புள்ளிப் பலகையில் தொங்கிய இலக்கத் தகடுகளைக் கழற்றிவந்து காம்பராவுக்கொன்றாக மாட்டினோம். எங்களுக்கு ஏழு கிடைத்தது.

அம்மா அப்போது முழுகாமல் இருந்தார். எனக்குப் பின் பதினொரு வருடம் கழித்து உண்டான பிள்ளை. இரண்டு வாரம் என்பது ஐந்து வாரமாகிவிட்ட பிறகு ஒரு மத்தியானம், அப்பா ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து சோற்றில் கை வைத்தபோது அம்மா சொன்னார்.

"ஏங்க, நா ஆஸ்பத்திரிக்குப் போயி பெத்துக்கிருவேன். ஆனா புள்ளய இங்க தூக்கிட்டு வர மாட்டேன். தாப்பா உள்ள காம்பராவுக்குத்தான் வருவேன்."

"அதுக்குள்ள குடுத்துருவாங்க" என்றார் அப்பா.

"குடுக்கலன்னா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அம்மா கேட்டது வீம்புக்காக அன்று. எங்களுடைய வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் தீட்டு. வாசலில் வேப்பிலை கட்டி, கதவைச் சாத்தி, தாயும் பிள்ளையும் உள்ளே இருக்க வேண்டும். அரங்கில் அடுத்த காம்பராக்காரர் தும்மினால் எங்கள் சேலை ஆடும். கம்பிவலை அடித்த ஜன்னல்களுக்கு வெளியே நகரத்துப் பையன்கள் சைக்கிள்மேல் ஏறி நின்று எட்டிப்பார்ப்பார்கள். எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் "இன்டோர் லயம்". அந்த ஜன்னல்களுக்கு நேரே உட்கார்ந்து பால் கொடுப்பதை அம்மாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்களால் சாத்தக்கூடிய கதவு ஒன்றுகூட அங்கே இல்லை. சாத்தியிருந்த கதவு எங்களுடையதாக இல்லை. மாலை ஆறு மணிக்குக் காவலாளி வருவார். சிங்களக் கிழவர், நல்ல மனிதர், நாங்கள் அவரை அவர்கள் மொழியில் தாத்தா என்று பொருள்படச் சீயா என்றுதான் கூப்பிடுவோம். "ஆறு மணி, எல்லாரும் உள்ள" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, பெரிய இரும்புக் கதவை இழுத்து வெளியே பூட்டுப் போடுவார். யுத்தம் நடந்த காலமானபடியால் தமிழர்களாகிய எங்கள் பெயர்ப் பட்டியல் பொலிசில் இருந்தது, ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே நிற்கக் கூடாது என்பது உத்தரவு. எங்களுடைய பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னார்கள்.

பகலிலும் நான் வெளியே போனதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் லொறியேறி பால் வெட்டப் போய்விடுவார்கள். குடும்பத்துக்கு ஒருவராவது பாயில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புது வீட்டுப் பட்டியலில் பேர் வெட்டுப்பட்டுவிடும் என்று எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். அது உண்மையா என்று யாரும் போய் விசாரிக்கவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாதவன் பேர் வெட்டுப்படுவதைப் பார்த்துப் பழகிய சனங்கள். ஆகவே எங்கள் வீட்டுக்குப் பேர் காத்தவள் நான். காலை முதல் மத்தியானம் வரை இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். கூரைத் தகட்டில் எத்தனை துவாரங்கள் வழியே வெயில் விழுகிறது, எந்தத் துவாரத்து வெயில் எத்தனை மணிக்கு எங்கள் பானைமேல் ஏறும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அரசாங்க அலுவலகமாகிய கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்ற செய்தி அந்த நாட்களில்தான் வந்தது.

தோட்டத்துக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். துரையோ சுகாதார உத்தியோகத்தரோ லயம் பார்க்க வருகிறார் என்றால், முதல் நாளே கழிவுநீர்க் கான் வெட்டி, சாணம் மெழுகி, பானைகளைச் சாம்பலால் துலக்கிக் கவிழ்த்து வைப்பது எங்கள் ஆட்களின் வழமை. சுத்தமாக இருக்கும் லயத்துக்குத்தான் முதலில் சுண்ணாம்பு வரும், கூரைத்தகடு மாற்றுவார்கள். ஊத்தையாகக் கிடந்த லயத்துக்கு ஏச்சுத்தான் வரும். மூன்று தலைமுறையாக எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் இது. துரை நலம் விசாரித்தால் "நல்லா இருக்கோம்ங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பதும் அதே பாடத்தைச் சேர்ந்தது.

அதன்படியே செய்தோம். தரையைக் கழுவினோம். சேலைகளைத் துவைத்து மடிப்புக் கலையாமல் கட்டினோம். வந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். தமிழர் ஒருவரே வந்திருக்கிறார் என்று எங்கள் ஆட்களுக்கு மிகுந்த நம்பிக்கை. அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, நான் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்த தட்டுகளின் முன் நின்றார்.

"நீரோ அடுக்கினது? நல்ல வடிவா வச்சிருக்கிறீர். கெட்டிக்காரி" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதுவரைக்கும் கந்தோர் ஆள் யாரும் என்னைப் பார்த்துப் பேசியதில்லை.

அவர் எழுதிய அறிக்கையைத் தலைவர் பிறகு கந்தோரில் கேட்டறிந்து வந்தார். இந்தக் குடும்பங்கள் மிகத் துப்புரவாகவும் ஒழுங்காகவும் வாழ்கின்றன, பாராட்டத்தக்கவை என்று அதில் இருந்ததாம். அவர் மனமறிந்து கெடுதல் செய்தவர் அல்லர். தோட்டத்து மக்களைப் பற்றிக் கந்தோரில் மட்டமாகப் பேசுவார்கள், அதற்கு மறுமொழியாக அவர் எங்களை உயர்த்தி எழுதியிருக்கிறார் என்று இன்று எனக்குப் புரிகிறது. மேலதிகாரிகள் அதை வேறு விதமாக வாசித்தார்கள். அரங்கில் இருப்பவர்களுக்கு அவசரமில்லை என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடமொன்றில் குப்பையும் கூளமுமாக நெருக்கியடித்துக் கிடந்த வேறு ஊர்க் குடும்பங்களுக்கு முதலில் வீடு கட்டினார்கள். அவர்களும் எங்களைப் போல அல்லற்பட்டவர்கள்தாம், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

அதற்கடுத்த மாதம் திருத்த வேலை தொடங்கிற்று. மாகாணப் போட்டிகளை அங்கே நடத்த வேண்டியிருந்ததாம். நாங்கள் போவோம் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, எங்களை உள்ளே வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். முதலாவது தளத்துப் பலகையைப் பெயர்த்தபோது பதினெட்டுக் குடும்பமும் மற்ற இரண்டு தளங்களுக்கு ஒதுங்கினோம். இரண்டாவதையும் பெயர்த்தபோது ஒரே தளத்துக்குள் ஒடுங்கினோம். புதுப் பலகை போட்ட பகுதியில் எங்கள் கால் படக்கூடாது என்று கயிறு கட்டினார்கள். காம்பரா ஒன்றரைப் பாய் அகலமாயிற்று. அம்மா புரண்டு படுக்க வேண்டுமென்றால் நான் எழுந்து உட்கார வேண்டும். மரத்தூள் சோற்றில் விழுந்தது, தலையில் விழுந்தது, ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. வார்னிஷ் நெடியில் அம்மா வாந்தியெடுப்பார்.

மழை நாளில் பால் வெட்டு இல்லை. அந்த நாட்களில் அப்பா அந்த வேலைக்கே கூலியாளாகப் போனார். பலகைக்கு உப்புத்தாள் பிடிப்பது அவர் வேலை. வேலையை விரைவில் முடித்துக் கொடுத்தால் எங்களை விரைவில் அனுப்பித்தானே ஆக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தச்சு வேலைக்குத் தலைமை தாங்கிய பாஸ் அவருடைய வேகத்தைப் பார்த்து மெச்சிக்கொள்வார். அம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தன்னுடைய இடத்தைத் தன்னுடைய புருஷனே தேய்த்துச் சுருக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பக்கத்துத் தோட்டமொன்றில் ஐந்து காம்பராக்கள் தயாராகிவிட்டன என்ற செய்தி அம்மாவுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது வந்தது. அதே அதிகாரி மறுபடியும் வந்து பார்த்து, மிகவும் கஷ்டப்படுகிற ஐந்து குடும்பத்தைத் தெரிந்தெடுப்பார். எஞ்சியவர்கள் திருத்த வேலை முடியும்வரை கலரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

தலைவர் உடனே தண்ணீர் வாளிகளை வரிசையில் வைக்கச் சொன்னார். அம்மா எழுந்து நின்று பெண்களைப் பார்த்துப் பேசினார். அவர் அவ்வளவு பேருக்கு முன்னால் பேசியதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"போன தடவ கூட்டிப் பெருக்கித்தான் இங்கயே கெடக்கோம். இந்தத் தடவ யாரும் வாருகோல தொடாதீங்க. இருக்கிறபடி கெடக்கட்டும். பாக்கட்டும்."

"மானம் போயிரும் தங்கச்சி" என்றார் தலைவர்.

"ஜன்னல் வழியா ஊரே பாக்குதே, அப்ப எங்க இருந்துச்சு அது?"

யாரும் அவர் பக்கம் பேசவில்லை. நாறப் போட்டுக்கொண்டு அதிகாரியை வரவேற்பதா என்று அவருடைய சொந்த அண்ணியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் எல்லோரும் கழுவினார்கள். அம்மா கழுவவில்லை. எங்கள் ஒன்றரைப் பாயில் கரிப்பானைகளைத் துலக்காமல் பரப்பினார். ஈரத் துணியைக் குவித்தார். கூரை ஒழுகி நனைந்த மெத்தையைச் சுவர்ப்பக்கம் மறைத்து வைத்திருந்தோம், அதையும் இழுத்து நடுவில் போட்டார். அன்று அவருக்குக் கிளினிக் நாள். அதிகாரி பின்னேரம்தான் வருவார், மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டவர், போகும்போது என்னிடம், "எதையும் தொடாத. யாரு சொன்னாலும் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிகாரியின் ஜீப் காலை பத்து மணிக்கே வந்துவிட்டது.

ஐயா, அம்மா, அந்தச் சில நிமிடங்களை நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரியாகிய என் அம்மா எதற்காக அப்படிச் செய்தார் என்பது எனக்குத் தெரியும். கதவுள்ள காம்பரா என்றால் என்னவென்பதும் தெரியும். என்னைக் கெட்டிக்காரி என்று சொன்ன மனிதர் இரும்புக் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார், பதினேழு காம்பராக்கள் கழுவித் துடைத்திருந்தன. எங்களுடையது மட்டும் குப்பையாகக் கிடந்தது. நான் மெத்தையைச் சுருட்டித் திணித்தேன். துணியை வாளிக்குள் அமுக்கினேன். பானைகளை அடுக்கினேன். கூட்டினேன்.

அவர் எங்கள் முன் வந்து நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆ, நீர்தானே. முந்தியைவிட வடிவா இருக்கு. அம்மா எங்க?"

"வெளிய போயிருக்காங்க சார்."

பிள்ளைத்தாய்ச்சி என்ற சொல்லை ஆண்கள் முன் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு வேற பிரச்சினை ஒண்டும் இல்லையே?"

நான் எழுந்து நின்று கைகட்டிச் சொன்னேன். "இல்லைங்க சார். நல்லா இருக்கோம்ங்க."

அவர் குறித்துக்கொண்டு அடுத்த சேலைக்குப் போனார். அங்கே மூன்று கைக்குழந்தைகள் இருந்தன. எந்த வாருகோலாலும் அந்த இடத்தைச் சுத்தமாக்க முடியாது.

மத்தியானம் அம்மா வந்தார். படி ஏறும்போதே யாரோ சொல்லியிருக்க வேண்டும். வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு கூட்டுனது?"

"நாந்தாம்மா."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மெல்லக் கீழே உட்கார்ந்தார். விரலால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கூட்டிருக்க" என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

பட்டியல் வந்தபோது அதில் நாங்கள் இல்லை. மூன்று கைக்குழந்தைகள் உள்ள பக்கத்துக் காம்பராக் குடும்பம் இருந்தது. லொறியேறும்போது அந்தப் பிள்ளைகளின் தாய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போகவேண்டிய எடம்க்கா" என்றார். அம்மா அவருடைய பிள்ளைகளில் ஒன்றைத் தூக்கி லொறிக்குள் கொடுத்தார். அப்பா காரணம் கேட்டபோது, அதிகாரி முன்கூட்டி வந்துவிட்டார் என்று மட்டும் அம்மா சொன்னார். கூட்டியது யார் என்பதை அம்மா கடைசிவரை அவருக்குச் சொல்லவில்லை.

எஞ்சிய பதின்மூன்று குடும்பமும் கலரிக்குக் கீழே போனோம். படிகளின் அடிப்பக்கம் எங்கள் தலைக்கு மேலே சரிந்து இறங்கிற்று. உயரமான பக்கம் பெரிய குடும்பங்களுக்கு விடப்பட்டது. எங்களுக்குக் கிடைத்தது தாழ்ந்த முனை. அப்பா அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. வெளிச்சம் படிப் பலகைகளின் இடுக்கு வழியாகக் கோடு கோடாக விழும். அங்கே வந்த பின்னர் அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அப்பாவுக்குப் பயமாக இருந்தது.

ஒரு வாரத்தில் அம்மாவைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வருவதற்குள் அப்பா ஒரு காரியம் செய்தார். தளத்துக்கு வெட்டி ஒதுக்கிய பலகைத் துண்டுகளைப் பாஸிடம் கேட்டு வாங்கி, குறுக்குச் சட்டம் அடித்து, உப்புத்தாள் பிடித்து, கலரித் தூணில் பிணைச்சல் வைத்து ஒரு கதவு பொருத்தினார். என் தோளுயரக் கதவு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். இருபுறமும் பழைய சேலைதான்.

பாஸ் வந்து பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "கதவு சரி. சுவர் எங்க?"

"சுவர் பொறகு வரும் பாஸ்" என்றார் அப்பா.

அம்மா வந்தபோது கையில் என் தம்பி இருந்தான். தாழ்ந்த முனைக்கு நடந்து வந்தவர் கதவைக் கண்டு நின்றுவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கவேண்டியவர்கள் சிரிக்கட்டும் என்பதுபோல அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கதவைத் தள்ளி, பிள்ளையின் தலையில் கை வைத்து மறைத்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அப்பாவும் நானும் வெளியே நின்றோம். சேலையைத் தூக்கினால் உள்ளே போய்விடலாம். ஒருவரும் அதைத் தூக்கவில்லை. அவர் கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

முப்பது நாள் முடிவதற்குள் திறப்பு விழா வந்தது. விருந்தினர் கண்ணில் படாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டு, கலரியின் முன்பக்கத்தைப் புதுத் துணியால் மூடினார்கள். காலையிலிருந்து மாலைவரை நூற்றுக்கணக்கான பாதங்கள் எங்கள் தலைக்கு மேலே மிதித்தன. கைதட்டும்போதெல்லாம் தூசு கொட்டிற்று. அம்மா கதவுக்குள்ளே தம்பியின்மேல் கவிழ்ந்தபடி இருந்தார். அவன் அழுதானா என்று எனக்கு நினைவில்லை. அழுதிருந்தாலும் கேட்டிருக்காது. அங்கிருந்து நாங்கள் வேறொரு தோட்டத்து லயத்துக்குப் போனபோது அவன் தவழத் தொடங்கியிருந்தான்.

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. அன்று கூட்டியது நான் என்பதைத் தம்பிக்கு நான் இதுவரை சொல்லவில்லை. அவன் இப்போது பலாங்கொடையில் குடும்பமாக இருக்கிறான். மலர் அச்சானால் அவனும் வாசிப்பான். நேரில் சொல்வதைவிட அவன் இதை வாசித்து அறிவதே எனக்குச் சம்மதம்.

மலரில் இடமில்லையென்றால் நான் குறைப்பட மாட்டேன். அரங்கின் வரைபடங்களும் ஒப்பந்தங்களும் இருக்கும் கோப்பில், முதலாவது திருத்த வேலைக்குரிய இடத்தில், இந்தத் தாள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.